பந்தயக் கார்களும் ஷரத்துகளும்



2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது நினைவிருக்கும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நம் வயதுக்காரர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஒரு பந்தயத்தில் ஓடுகிற எல்லாக் காரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதே! என்ஜினும் ஒன்று, டயரும் ஒன்று. அப்புறம் அதில் என்ன போட்டி?"

நியாயமான கேள்விதான். காரை ஒன்றாக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவனின் திறமை என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் பாதிதான். 'ஒரே மாதிரிக் கார்' என்று சொல்லிக்கொள்ளும் பந்தயப் பிரிவுகள் உலகத்தில் நிறைய உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். அவற்றின் விதிப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், ஒன்று வசதிக்காரனுக்கும் இன்னொன்று நடுத்தர வீட்டுப் பையனுக்கும் எழுதப்பட்டது என்பது புரியும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் டெண்டர் ஷரத்துகளோடு குடித்தனம் நடத்திய எழுத்தன் என்பதால் விதி படிக்கத் தெரியும். அந்தக் கண்ணோடு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் நம் பக்கத்துப் பந்தயம்

காணும் பொங்கலை ஒட்டித் திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்தைக் காரைக்கால், தரங்கம்பாடி, மயிலாடுதுறைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாடு தனி, குதிரை தனி. மாட்டிலே சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரிவு. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் போனால் கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள். பிரிவுக்குத் தகுந்தபடி தூரமும் மாறும். பெரிய மாட்டுக்கு எல்கை தொலைவு, சின்ன மாட்டுக்குக் கிட்டம்.

ஏன் பிரித்தார்கள்? பிரிக்காவிட்டால் பெரிய மிராசுதார் தொழுவத்துக் காளைதான் வருஷா வருஷம் பரிசைக் கொண்டுபோகும். இரண்டு மா, மூன்று மா நிலம் வைத்திருப்பவன் ஆசையாக வளர்த்த இளங்காளை வேலிக்கு வெளியேதான் நிற்கும். பிரிவு என்று ஒன்று வந்த பிறகுதான் அவனும் வண்டியைப் பூட்டினான்.

இதே மாட்டு வண்டிப் பந்தயம் கொங்கு நாட்டில் வேறு மாதிரி. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயத்துக்கு 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்துக் கடிகாரத்தால் நேரத்தை அளப்பார்கள். நம் பக்கத்தில் நெடுஞ்சாலையில் எல்லா வண்டிகளையும் ஒன்றாக விட்டு, எல்கையைத் தொட்டுத் திரும்பி முதலில் வந்தவன் எவனோ அவன் ஜெயித்தவன். நம்முடையதில் மாட்டின் மூச்சு, சாரதியின் சாமர்த்தியம், இடம் பார்த்து முந்துகிற தைரியம் எல்லாம் சேரும். அங்கே மாட்டின் பாய்ச்சல்தான் கணக்கு. இங்கும் மாடு, அங்கும் மாடு. எதை அளக்கிறோம் என்ற ஒரே ஷரத்தில்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு ஷரத்தே எந்த மாட்டை வாங்குவது, எப்படி வளர்ப்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

கொங்கு நாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கும் அங்கேதான் போகப்போகிறோம்.

சோழவரத்து ஓடுதளம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தில் 1980களின் கடைசி வரை பந்தயம் நடத்தியது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் பதிவு செய்து காத்திருந்து வாங்கக் கிடைத்த கார்கள் எத்தனை? அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசிடர் என்ஜின் 1,489 சி.சி., ஃபியட் 1,089 சி.சி., ஹெரால்ட் 948 சி.சி. 'சி.சி.' என்பது என்ஜினின் கொள்ளளவு. நம் மரக்கால், படி மாதிரி ஓர் அளவு. நாடு முழுக்க மூன்றே வகைக் கார் என்றால், பந்தயக்காரர்கள் தனியாக விதி எழுதத் தேவையே இல்லை. லைசென்ஸ் பர்மிட் ராஜ்யமே அவர்களுக்கு ஒரு விதிப் புத்தகத்தை எழுதிக் கொடுத்துவிட்டது! இருக்கிற மூன்றில் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, பட்டறையில் உட்கார்ந்து என்ஜினைக் கிண்டிக் கிளறி ஓட்டினார்கள்.

ஆனால் மேல்மட்டத்தில் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் தருவிக்க முடிந்தவருக்கு வேலியே இல்லை. 1980களில் விஜய் மல்லையா, என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் கொண்டுவந்து ஓட்டினார். பார்க்க வந்த கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஹெரால்ட் என்ஜினைத் தட்டிக்கொட்டி வந்த ஒரு பட்டறைக்காரப் பையன் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வான்? தனக்கும் அந்தக் காருக்கும் நடுவே ஏறிப்போகப் படிக்கட்டு இல்லை என்பதைத்தான்.

அந்தப் படிக்கட்டை மற்ற நாடுகளில் எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்போம்.

பிரெஞ்சுக்காரர்களின் 'ஃபோர்ம்யூல்'

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ஃபோர்ம்யூல்' என்ற சொல் கணக்கு வகுப்புக்கு முன்பே கடித வகுப்பில் வந்துவிடும். கடிதத்தின் கடைசியில் எழுத வேண்டிய மரியாதை வாசகத்துக்கு அதுதான் பெயர். நாம் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடிப்பதுபோல, எழுத்து மாறாமல் எழுத வேண்டிய வாசகம். அரசாங்கத்தில் நிரப்பிக் கொடுக்கும் படிவம் 'ஃபோர்ம்யுலேர்'. ஆக, பந்தயத்தில் 'ஃபார்முலா' என்றால், எல்லாரும் ஒப்புக்கொண்ட மாறாத படிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கார் பந்தயம் பிரான்சில் வேரூன்றியது என்பதால் அதன் சொற்களில் பாதி பிரெஞ்சு. 'கிராண்ட் பிரி' என்றால் பெரும் பரிசு. பந்தயம் முடிந்தபின் யாரும் கை வைக்காதபடி கார்களை நிறுத்தும் இடம் 'பார்க் ஃபெர்மே', மூடிய முற்றம். வேகத்தைக் குறைக்க வைக்கும் நெளிவு வளைவுக்கு 'ஷிகேன்' என்று பெயர். வக்கீல்கள் கோர்ட்டில் செய்யும் வெட்டி வாதத்துக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான்! விதிப் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது இது பொருத்தமாகவே இருக்கிறது.

முதல் கிராண்ட் பிரி 1906இல் லெ மான் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. அதில் காரின் எடை 1,000 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முக்கியமான ஷரத்து. இன்றைய விதிகளிலோ எடை இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று இருக்கும். அன்று பயந்தது ராட்சச என்ஜினுக்கு. இன்று பயப்படுவது, காசைக் கொட்டி விலையுயர்ந்த உலோகத்தால் காரை இறகுபோல ஆக்குகிறவனுக்கு. விதியைப் புரட்டினால் அந்தந்தக் காலத்தின் பயம் தெரியும்.

1966இல் ரெனோ கம்பெனி ஒரு புதிய போட்டியைத் தொடங்கியது: கோர்தினி கோப்பை. ரெனோ 8 என்ற சாதாரணக் குடும்பக் காரை, 'மந்திரவாதி' என்று பட்டப்பெயர் பெற்ற அமெதே கோர்தினி பந்தயத்துக்குத் தக்கபடி மெருகேற்றிக் கொடுத்தார். நீலநிறக் கார், மேலே இரண்டு வெள்ளைப் பட்டை. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு 'சொல்தா' மாமா வீட்டுப் பத்திரிகைகளில் அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அதே கார். கடையில் வாங்கலாம், வாரநாளில் வேலைக்கு ஓட்டிப்போகலாம், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் விடலாம். அந்தக் கோப்பையில் தொடங்கியவர்களில் ஒருவர் ழான் பியேர் ழபூய். 1979இல் ரெனோவுக்கு முதல் ஃபார்முலா 1 வெற்றியை வாங்கிக் கொடுத்தவர் அவரே.

1968இல் அடுத்த படி வந்தது: 'ஃபோர்ம்யூல் ஃபிரான்ஸ்'. இங்கே கூரையில்லாத, ஒற்றை இருக்கைக் கார். என்ஜின் மட்டும் ரெனோ கோர்தினியுடையது. மற்றதை யார் வேண்டுமானாலும் கட்டலாம். 1971இல் இதுவே ஃபார்முலா ரெனோ என்று பெயர் மாறியது.

ஒரே மாதிரி, ஆனால் வேறு

அதே காலத்தில் மற்ற நாடுகளிலும் இதே எண்ணம் முளைத்திருந்தது. அமெரிக்காவில் 1963 வாக்கில் ஃபார்முலா வீ என்ற பிரிவுக்கு அங்கீகாரம் கிடைத்தது. நம்மூரில் ஆமைக் கார் என்று வேடிக்கையாகச் சொல்வோமே, அந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1,200 சி.சி. என்ஜின்தான் அதன் உயிர். இங்கிலாந்தில் 1967இல் ஃபார்முலா ஃபோர்டு பிறந்தது. சாலையில் ஓடும் ஃபோர்டு காரின் என்ஜின், சாலை டயர், காற்றை அழுத்தும் இறக்கை எதுவும் கூடாது. முழுக் காரையும் 1,000 பவுனுக்குள் விற்க வேண்டும் என்பது நோக்கம்.

இப்போது இவற்றை ஒரு கோப்பில் போட்டு ஒப்பிடுங்கள். கோர்தினி கோப்பையில் முழுக் காரும் கட்டு. உரிமையாளர் கை வைக்க இடமில்லை. ஃபார்முலா வீயில் என்ஜின், கியர் பெட்டி, முன் அச்சு, பிரேக் என்று ஓடுகிற உறுப்புகள் எல்லாம் பீட்டிலுடையவை. அவற்றைப் பூட்டும் அடிச்சட்டத்தை வீட்டு ஷெட்டில் வைத்து யாரும் வெல்டிங் செய்துகொள்ளலாம். ஃபார்முலா ஃபோர்டிலும் ஃபோர்ம்யூல் ஃபிரான்சிலும் என்ஜின் கட்டு. சேஸிஸ், சஸ்பென்ஷன் போன்றவை கட்டுகிறவன் கையில்.

இந்தச் சிறு வித்தியாசத்தால் விளைந்தது பெரிது. கோர்தினி கோப்பை ஓட்டுநர்களை உருவாக்கியது. வீ வாராவாரம் விளையாட்டாக ஓட்டுகிற அமெச்சூர்களை உருவாக்கியது. ஃபோர்டு, கார் கட்டும் பட்டறைகளையே ஒரு தொழிலாக உருவாக்கியது. லோட்டஸ், மெர்லின், வான் டீமன் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. ஆனால் அதோடு சேர்ந்து செலவும் ஏறியது. போன வருஷத்துச் சேஸிஸ் இந்த வருஷம் பின்தங்கும். புதிது வாங்கு என்று ஆகிவிடும். என்ஜினைக் கட்டிவைத்த ஷரத்து, சேஸிஸ் வழியாக வந்த பணத்தைப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்

இனி கொங்கு நாடு. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர் எஸ். கரிவரதன். சோழவரத்தில் ஓட்டியவர், காரைக் கட்டவும் தெரிந்தவர். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டுவதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் செய்தது வேறு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஊர் டாக்டர் ஓட்டியது, வாத்தியார் ஓய்வுப் பணத்தில் வாங்கியது, வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் குடும்பத்தை ஏற்றி வந்தது எல்லாம் அதுதான். அந்த என்ஜினை எடுத்துக் கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். 1980களின் கடைசியில் பிறந்த அந்தப் பிரிவின் பெயர் ஃபார்முலா மாருதி.

இதை மேலே சொன்ன கோப்பில் எங்கே வைப்பது? ஆமைக் காரைக் கொண்டு அமெரிக்காவில் வீ செய்ததை, மாருதியைக் கொண்டு இவர் செய்தார். உயிருறுப்பு மக்கள் காருடையது. ஆனால் ஃபோர்டுபோலச் சேஸிஸைத் திறந்துவிடாமல் எல்லாருக்கும் ஒரே வகைக் காரைத் தன் பட்டறையில் கட்டிக் கொடுத்தார். அதனால் சேஸிஸ் வழியாகப் பணம் நுழையும் கதவும் அடைத்தது. என்ஜின் பழுதானால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த ஊரிலும் மாருதி மெக்கானிக் இருந்தார், உதிரி பாகமும் இருந்தது. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஷரத்து. ஆனால் இது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை.

1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தளம் வந்தது. சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் கார்த்திகேயன் அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்திலேயே முதல் மூவருக்குள் வந்தார். பிறகு பிரான்சுக்குப் போய் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் சேர்ந்து, 1992இல் 'பிலோத் எல்ஃப்' போட்டியில் ஃபார்முலா ரெனோ காரில் அரையிறுதி வரை வந்தார். 1975இல் அதே போட்டியில் ஜெயித்து, மறு ஆண்டு பிரெஞ்சு ஃபார்முலா ரெனோ பட்டமும் வாங்கியவர், பின்னாளில் 4 முறை உலகச் சாம்பியனான அலேன் புரோஸ்த். நாராயண் 1993இல் திரும்பி வந்து மறுபடி ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இரண்டாமவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அவர் 2000இல் ஃபார்முலா மாருதி தேசியப் பட்டம் பெற்றவர். 2010இல் ஃபார்முலா 1க்குப் போனார்.

ஆக, ஃபார்முலா 1 வரை போன இரண்டு இந்தியர்களும் அந்த 796 சி.சி. என்ஜினில் கற்றுக்கொண்டவர்கள். சக்தி குறைந்த காரில் ஓட்டுகிறவனுக்கு வேகத்தை வீணாக்க வசதி கிடையாது. வளைவில் ஒரு தப்புச் செய்தால் அடுத்த நேர்ச்சாலையில் என்ஜின் கைகொடுத்துக் காப்பாற்றாது. அதனால்தான் அது நல்ல பள்ளிக்கூடம்.

கரிவரதன் 1995இல், பறக்கும் ஊர்தி ஒன்றில் சென்றபோது விபத்தில் இறந்தார். வயது 41. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் பின்னாளில் அமைந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத்தளத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பிறகு வந்த பிரிவுகள்

அவர் போட்ட பாதையில் கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் தொடர்ந்தது. ரோலான் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் சங்கிலி செய்கிறவர்கள். அவர்கள் பெயரில் வந்த ஃபார்முலா எல்.ஜி.பி. காரில் மாருதி சுசூகியின் 1,300 சி.சி. என்ஜின். அடுத்து ஃபார்முலா ரோலான் வந்தது. அதில் செவ்ரோலே என்ஜின். டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப். தன் பங்குக்கு ஃபோர்டு என்ஜினோடு 1,600 பிரிவையும், இத்தாலியத் தல்லாரா சேஸிஸில் ரெனோ என்ஜின் வைத்து 2,000 பிரிவையும் நடத்தியது.

மேலே ஏறும் வரிசை இது: 800, 1,300, 1,600, 2,000. படிக்கட்டு மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் உதிரி பாகம் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. முதல் படிக்கு உள்ளூர்க் கடை போதும். கடைசிப் படிக்கு இத்தாலி.

இவை போக, கம்பெனிக் கோப்பைகள் வந்தன. 2010இல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் போலோ கோப்பையைத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து டொயோட்டா தன் எட்டியோஸ் காரைக் கொண்டு ஒரு போட்டி நடத்தியது. எல்.ஜி.பி. பிரிவுக்கும் இவற்றுக்கும் வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை; எல்லாருக்கும் ஒரே கார். ஆனால் எல்.ஜி.பி. காரைப் பந்தய அணிகள் வைத்துப் பராமரிக்கின்றன. பையன் ஓர் அணியில் இடம் பிடிக்கிறான், மெக்கானிக்கோடு உட்கார்ந்து காரின் நோவு என்ன என்று பேசுகிறான். போலோ கோப்பையிலோ காரைத் தயார் செய்வது, பழுது பார்ப்பது எல்லாம் கம்பெனி ஆட்கள். ஓட்டுகிறவர் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தலைக்கவசத்தோடு வந்தால் போதும்.

எது நல்லது? நேர்மை என்று பார்த்தால் இரண்டாவதுதான். ஸ்பானர் பிடிக்கிற கை ஒன்றே என்றால், ஒருவன் காருக்கு மட்டும் விசேஷக் கவனிப்பு என்ற பேச்சு எழாது. ஆனால் கற்பது என்று பார்த்தால் முதலாவது. ஸ்பானரைத் தொடாதவன் பாதிப் பாடத்தைத்தான் படிக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனிக் கோப்பை, கம்பெனியின் கடைக் கண்ணாடியைப் பார்த்தே நடக்கும். போலோவில் தொடங்கியது பிறகு வென்டோ ஆனது, அதற்குப் பிறகு அமியோ ஆனது. பிரான்சிலும் இதே கதைதான். ரெனோ 8 போய் ரெனோ 12, பிறகு ரெனோ 5, பிறகு கிளியோ. எந்தக் காரை விற்க வேண்டுமோ அந்தக் காருக்குக் கோப்பை. விற்பனை எண்ணம் மாறினால் கோப்பையும் மாறும், சில சமயம் நிற்கும். கிளப்புகள் கையில் விதி இருந்த பிரிவுகள் அப்படி இல்லை. ஃபோர்டு கம்பெனி அந்தப் பழைய என்ஜின் காரை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் அமெச்சூர்கள் இன்னும் ஃபார்முலா ஃபோர்டு 1600 ஓட்டுகிறார்கள். ஜெர்மனியில் பீட்டில் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அமெரிக்காவில் வீ இன்னும் ஓடுகிறது. நம் நாட்டிலும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 இருபது வருஷத்துக்கு மேலாகத் தாக்குப் பிடித்திருக்கிறது.

ஷரத்தும் தணிக்கையும்

எந்த விதியை எழுதினாலும் பணம் சும்மா இருக்காது. வரப்பை அடைத்தால் நண்டு வளையைத் தேடும் தண்ணீர்போல அது வழி தேடும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு என்ஜின்கள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். வசதிக்காரன் பத்து என்ஜின் வாங்கி ஓட்டிப் பார்த்து, அதில் நல்லதை வைத்துக்கொண்டு ஒன்பதை விற்பான். விதியை அவன் மீறவே இல்லை! அடுத்தவன் ஒரு நாள் பயிற்சி செய்தால் இவன் பத்து நாள் தளத்தை வாடகைக்கு எடுப்பான். ஒவ்வொரு சுற்றுக்கும் புது டயர் மாட்டுவான்.

இதற்கெல்லாம் மருந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்ஜினுக்குக் கம்பி கட்டி முத்திரை வைப்பது ஒன்று. நம் ரேஷன் கடைத் தராசுக்கு வைப்பதுபோலத்தான். ஒரு பந்தயத்துக்கு இத்தனை டயர்தான் என்று எண்ணி அடையாளம் போடுவது ஒன்று. சில பிரிவுகளில் யாருக்கு எந்தக் கார் என்று சீட்டுக் குலுக்குவார்கள். எடை பார்க்கும்போது காரை மட்டும் நிறுத்தாமல் ஓட்டுநரையும் சேர்த்து நிறுப்பார்கள். இல்லாவிட்டால் ஒல்லிப் பையனுக்கு லாபம், கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறவனுக்கு நஷ்டம். பந்தயம் முடிந்ததும் கார்கள் நேரே பார்க் ஃபெர்மேக்குள் போகும். சந்தேகம் வந்தால் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். அடுத்தவன் மேல் புகார் கொடுப்பவர் முன்பணம் கட்ட வேண்டும். புகார் மெய்யானால் பணம் திரும்பும், பொய்யானால் போகும். மொட்டைக் கடிதங்களால் அவதிப்பட்ட எந்த அலுவலகத்துக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

அளந்து பார்க்க முடியாத ஷரத்தை எழுதாதே என்பது இதிலிருந்து தெரியும் பாடம். 'என்ஜினில் நியாயமற்ற மாற்றம் கூடாது' என்று எழுதினால் அது வக்கீலுக்குச் சோறு. 'முத்திரை அறுந்திருந்தால் தகுதி நீக்கம்' என்று எழுதினால் அது விதி.

முடிவாக

இப்போது சென்னையில் நாம் பார்த்த பந்தயத்துக்கு வருவோம். அங்கே ஓடியவற்றில் ஒன்று ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப். அதன் சேஸிஸ் மிகால் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. 1989இல் ஃபார்முலா ஃபோர்டு கார் கட்டுவதற்காகத் தொடங்கிய பட்டறை அது. என்ஜின், ரெனோ குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பின். பாதுகாப்பில், தரத்தில், உலகத் தகுதிப் புள்ளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் காலத்துப் பிரெஞ்சு மாணவனுக்கு அந்தப் பெயர்களைச் சென்னையில் கேட்பதும் சந்தோஷம்தான்.

ஆனாலும் என் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே கார் என்பதாலேயே எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு என்று ஆகிவிடாது. கார் ஒன்றாக இருப்பது உள்ளே வந்துவிட்டவர்களுக்குள் நியாயம். உள்ளே வர எவ்வளவு ஆகும் என்பதுதான் வெளியே நிற்கிறவனுக்கு நியாயம். விதிப் புத்தகங்கள் முதலாவதைப் பற்றி நூறு பக்கம் எழுதும். இரண்டாவதைப் பற்றித் தெளிவாக யோசித்தவர்கள், 1,000 பவுன் என்று விலையையே நோக்கமாக வைத்த ஃபோர்டுக்காரர்கள், வீட்டு ஷெட்டை நம்பிய வீக்காரர்கள், மாருதி 800ஐ எடுத்துக்கொண்ட கரிவரதன் முதலிய சிலரே.

தமிழ்நாட்டில் பந்தயத்தளங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன. மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஒரு டிராக்டர் பட்டறைப் பையனுக்கு இந்த ஆசை வந்தால், அவன் ஃபார்முலா 1க்குப் போவானா என்பது பிறகு. அவன் திறக்கத் தெரிந்த என்ஜின், அவன் ஊரில் கிடைக்கும் உதிரி பாகம், அவன் அப்பா கடன்படாமல் கட்டக்கூடிய கட்டணம் ஆகிய மூன்றையும் வைத்து ஒரு பிரிவு இன்று இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 796 சி.சி.யில் ஒரு காலத்தில் ஏறக்குறைய அது இருந்தது.

சோழவரம் பந்தயத்தை அந்நாளில் நேரில் பார்த்த அன்பர்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள். பந்தய நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாள் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். எந்தெந்தப் பிரிவு, எத்தனை சி.சி., நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்க ஆசை.